மண்டபத்திலிருந்து பெர்லினுக்கு: நனிசைவ உணவைக் கேட்டு வாங்கும் முறை

ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து வளர்ந்து, மீனையும் பாலையும் ஒருசேர விட்டவர்களுக்கு உணவைக் கேட்டு வாங்குவது புதிய பழக்கம் அன்று. மண்டபம் என்னும் எங்கள் ஊரில் என் தெருவில் மாலை நேரத்தில் மீன் குழம்பு கொதிக்காத வீடு அரிது. ராமேசுவரத்தில் யாத்திரிகர்களுக்காக நடக்கும் சைவ ஓட்டல்களில் மீன் வாடை இல்லை என்றாலும், பொங்கலில் நெய் மிதக்கிறது, குருமாவில் தயிர் கலந்திருக்கிறது. பால், தயிர், நெய், முட்டை, தேன் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் உண்ணாத முறையைத்தான் நனிசைவம் என்றும் வீகன் என்றும் சொல்கிறோம். அப்படி உண்ணத் தொடங்கிய நாள் முதல், பரிமாற வருபவரிடம் “அண்ணே, தோசைக்கு ஊத்துறது நெய்யா, எண்ணெயா?” என்று கேட்காமல் நான் இலை முன் உட்கார்ந்ததில்லை.

பெர்லினில் படிக்கும் தம்பி மகளைப் பார்க்கப் போய் மூன்று வாரம் தங்கியிருந்தபோது எனக்குச் சோறு போட்டது இந்தக் கேள்விதான். உணவின் பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், அதில் என்னென்ன சேர்கின்றன என்பதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பரமக்குடி, கீழக்கரை, தொண்டி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

உணவுத் தேடல் விமானத்திலேயே தொடங்கிவிடுகிறது. பயணச்சீட்டு எடுக்கும்போது சிறப்பு உணவுப் பட்டியலில் ‘ஏவிஎம்எல்’ என்று இருப்பது இந்திய முறைச் சைவ உணவு. அதில் பாலும் தயிரும் பனீரும் வரும். ‘ஹிந்து மீல்’ என்பதில் இறைச்சியே வரக்கூடும். நமக்கு வேண்டியது ‘விஜிஎம்எல்’ என்ற குறியீடு மட்டுமே. இதைப் புறப்படுவதற்கு ஒரு நாளுக்கு முன்பாவது பதிவு செய்துவிட வேண்டும்; விமானத்தில் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருள்களிலும் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டு வரக்கூடாது என்பதால், ஊரார் அன்போடு கொடுத்தனுப்பும் நெய்யும் பால்கோவாவும் சுங்கத்திலேயே நின்றுவிடும். 2019 டிசம்பர் முதல் பச்சைக் காய்கறிக்கும் பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்து பழங்களுக்கு மட்டுமே விலக்கு. ஆகையால் கறிவேப்பிலைக் கொத்தை ஆடைகளுக்கு நடுவே வைத்து அனுப்பாதீர்கள். பருப்புப் பொடி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயின் வற்றல், சாயல்குடிக் கருப்பட்டி, நெய் சேர்க்காமல் தேங்காய்ப்பாலில் கிண்டிய கீழக்கரைத் தொதல் ஆகியவற்றை எடுத்துச் சென்றால் முதல் வாரத்தைத் தடுமாற்றமின்றிக் கடக்கலாம்.

அங்கே இறங்கியவுடன் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். நம் ஊரில் சைவம் என்றால் முட்டையும் விலக்கு. ஜெர்மனியில் அந்தச் சொல்லுக்குள் முட்டை, பால், பாலாடைக்கட்டி எல்லாம் அடக்கம். சென்ற இரண்டாம் நாள், இந்தியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் நான் பழக்கத்தின் காரணமாக வெஜிடேரியன் என்று மட்டும் சொன்னேன். வந்த பருப்பின் மேல் வெள்ளைக் கோலம் போல் பாலேடு ஊற்றியிருந்தது. ரொட்டியில் வெண்ணெய் மினுங்கியது. கேட்டதைத்தான் கொடுத்தார்கள், கேட்ட முறைதான் பிழை. அன்றிலிருந்து ‘வேகான்’ என்றே சொன்னேன், ஜெர்மானியர் வீகனை அப்படித்தான் ஒலிக்கிறார்கள். “இஸ்ட் தாஸ் வேகான்?” என்றால் “இது வீகனா?” என்று பொருள். இந்த ஒரு வாக்கியம் வாயில் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிக்குச் சில சொற்கள் வேண்டும். ‘ஓனெ’ என்றால் ‘இல்லாமல்’. பால் ‘மில்ஷ்’, வெண்ணெய் ‘புட்டர்’, பாலேடு ‘ஸானெ’, பாலாடைக்கட்டி ‘கேஸெ’, முட்டை ‘ஐ’, தேன் ‘ஹோனிக்’, இறைச்சி ‘ஃப்ளைஷ்’. மீன் ஆங்கிலத்தைப் போலவே ‘ஃபிஷ்’. “ஓனெ புட்டர், ஓனெ ஸானெ” என்று தனித்தனியாகச் சொன்னால், வீகன் என்ற சொல் தெரியாத முதியவரும் புரிந்துகொள்கிறார். பெர்லினில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சமையற்கட்டுக்குள் போய்ச் சேருவது இந்தச் சிறு சொற்கள்.

நேரம் ஒதுக்கிக் கற்க வேண்டியது பொட்டலத்தின் பின்புறத்தை வாசிக்கும் கலை. ஒவ்வாமை உண்டாக்கும் 14 வகைப் பொருள்களை உணவுப் பொட்டலத்தின் சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது 2014 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நடைமுறையில் இருக்கும் சட்டம். அந்தப் பதினான்கில் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கணவாய் சிப்பி வகை ஆகிய ஐந்தும் நாம் கவனித்துத் தவிர்க்க வேண்டியவை. மொழி தெரியாவிட்டாலும், தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களை மட்டும் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் இந்த ஐந்தும் அகப்பட்டுவிடும்.

அத்தோடு நிறுத்திக்கொள்பவர் ஏமாந்துபோவார். இறைச்சி, பன்றிக் கொழுப்பு, தேன், மாட்டெலும்பிலும் பன்றித்தோலிலும் எடுக்கும் ஜெலட்டின் ஆகியவை ஒவ்வாமைப் பட்டியலில் இல்லை. ஆகவே அவை சாதாரண எழுத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ‘ஷ்மால்ட்ஸ்’ என்றால் கொழுப்பு. சிவப்பு மிட்டாயில் ‘ஈ120’ என்று கண்டால் அது செதிற்பூச்சியிலிருந்து எடுத்த சாயம். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டில் கூட, மிளகாய்ச் சுவைக்காக என்று தூவும் பொடியில் ‘மோல்கெ’ என்பதை உள்ளடக்கிய நீளமான ஒரு சொல் வரும். பாலாடைக்கட்டி எடுத்த பின் எஞ்சும் பால்நீரை உலர்த்திய தூள் அது. கறுப்புச் சாக்லேட்டில் பால் இராது என்று நினைத்துக் கையில் எடுத்தேன். ‘புட்டர்’ என்று தொடங்கும் ஒரு சொல்லைக் கண்டு திரும்ப வைத்தேன். அவ்வகைச் சாக்லேட்டுகள் சிலவற்றில் வெண்ணெய்க் கொழுப்பு சேர்க்கிறார்கள். பட்டியலுக்குக் கீழே ‘ஷ்பூரன்’ என்ற சொல்லோடு வரும் வரி வேறு: ஒரே ஆலையில் பாலும் கையாளப்படுவதால் துளி கலந்திருக்கலாம் என்னும் எச்சரிக்கை அது. ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எழுதுவது. அதற்காக அப்பொருளை நான் ஒதுக்குவதில்லை.

பச்சை இலையோடு மஞ்சள் நிறத்தில் வரும் ‘வி’ முத்திரையைக் கண்டால் அவசரப்படாமல் அதன் கீழே உள்ள சொல்லையும் படியுங்கள்; ஒரே முத்திரை சைவத்துக்கும் வீகனுக்கும் தனித்தனிச் சொல்லோடு வருகிறது. பிரிட்டனின் வீகன் சங்கம் தரும் சூரியகாந்தி முத்திரையில் அந்தக் குழப்பம் இல்லை. தாவரப் பாலைத் தேடும்போது ‘மில்ஷ்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். விலங்கின் பாலுக்கு மட்டுமே அப்பெயரை விற்பனையில் பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூனில் தீர்ப்பளித்தது. அதனால் ஓட்ஸ் பால் ‘ஹாஃபர் ட்ரிங்க்’ என்ற பெயரில் இருக்கும். தேங்காய்ப்பாலுக்கு விலக்கு உண்டு. அது ‘கோகோஸ்மில்ஷ்’ என்றே கிடைக்கிறது.

பழச்சுவைக் கட்டி ஒன்றின் பின்புறத்தை வாசித்தபோது, ஜெலட்டின் இருக்க வேண்டிய இடத்தில் ‘அகர் அகர்’ என்று இருந்ததைக் கண்டு கடையிலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். அது நம் கடற்பாசி. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறித்து வருகிறார்களே, அந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்துதான் அகர் எடுக்கப்படுகிறது. கீழக்கரையில் நோன்பு திறக்கும் வேளையில் கண்ணாடி போல வெட்டி வைக்கும் கடல்பாசியும் இதுவே. ‘ஈ406’ என்றால் அகர், ‘ஈ407’ என்றால் காராகீனன். இரண்டும் கடல் தாவரமே. பட்டியலில் இவற்றைக் கண்டால் தயங்க வேண்டாம். மற்றச் சேர்மானங்களை மட்டும் பாருங்கள்.

வெளியில் சாப்பிடும்போது பெர்லினில் கைகொடுப்பவை மேற்காசியக் கடைகளும் வியட்நாமியக் கடைகளும். நொய்க்கோல்ன் பகுதியில் சோனன்அலே என்னும் நீண்ட சாலை முழுவதும் அரபுக் கடைகள். கொண்டைக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பொரிக்கும் ஃபலாஃபெல் நம் வடைக்கு உறவு. கடலையும் எள்ளும் சேர்த்தரைத்த ஹும்முஸும் இயல்பிலேயே நனிசைவம். அவர்கள் மேலே ஊற்றும் வெள்ளைச் சாறு பெரும்பாலும் தயிர் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. “ஸேஸாம்” என்று கேட்டால் எள் சாறு ஊற்றுவார்கள். துருக்கியக் கடைப் பருப்புச் சூப்பில் வெண்ணெய் தாளிப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வியட்நாமியக் கடைகளில் ‘சாய்’ என்று குறித்த உணவு பௌத்த முறைச் சைவம். அக்குறி இல்லாத டோஃபு (சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டி) உணவில் மீன் சாறு ஊற்றியிருக்கக்கூடும்.

இலங்கைத் தமிழர் கடையைக் கண்டால் மனம் துள்ளும். இடியாப்பமும் சொதியும் நம் கரைக்கு அந்நியம் அல்லவே. அங்கே கேட்க வேண்டிய கேள்வியை நம்மவர் எளிதில் அறிவார்: சம்பலில் மாசி சேர்த்திருக்கிறதா? தேங்காய்ச் சம்பலிலும் சீனிச் சம்பலிலும் மாசிக் கருவாட்டை இடித்துப் போடுவது அவர்களுடைய வழக்கம். “மாசி போடாத சம்பல் இருக்கா அக்கா?” என்று நான் தமிழில் கேட்டதும், அந்த அம்மா சிரித்துக்கொண்டே தனியாக வெங்காயமும் மிளகாயும் தேங்காய்ப்பூவும் எடுத்து இடித்துக் கொடுத்தார்.

பொட்டலமிடாத உணவுக்கும் ஒவ்வாமைத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம் என்பதால், உணவட்டையில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்துகளோ எண்களோ இருக்கும். எந்த எழுத்து பாலைக் குறிக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். கடைசிப் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

1999இல் தொடங்கிய ஹேப்பிகவ் செயலி அருகிலுள்ள நனிசைவக் கடைகளை வரைபடத்தில் காட்டுகிறது. ஆனால் பழைய கட்டுரைகளில் உள்ள முகவரிகளை நம்பிப் புறப்படாதீர்கள். பெர்லினின் ஷீவல்பைனர் தெருவில் 2011இல் திறந்த வேகான்ஸ் என்னும் முழு நனிசைவப் பேரங்காடியைப் பற்றி இன்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறது. அந்நிறுவனமோ கடை நடத்துவதிலிருந்து உணவுப் பொருள் தயாரிப்புக்கு மாறிவிட்டது. கிளம்பும் முன் அண்மையில் எழுதிய கருத்துகளின் தேதியைப் பாருங்கள்.

மாணவர்களுக்குப் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடமான மென்ஸாவே பெரும் துணை. பெர்லின் மென்ஸாக்கள் 2021 அக்டோபரில் தங்கள் உணவுப் பட்டியலை மாற்றியபோது 68 விழுக்காடு வீகன், 28 விழுக்காடு சைவம் என்று அறிவித்தன. விருந்தினரும் சற்றுக் கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிடலாம். நான் சாப்பிட்டவற்றில் விலைக்கு ஏற்ற நிறைவு தந்த உணவு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் அன்று பேரங்காடிகள் பூட்டிக் கிடக்கும். தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில மட்டுமே திறந்திருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிவிடுங்கள். மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றால் ஆன சாதாரண ரொட்டி பெரும்பாலும் நமக்கு ஏற்றது. முறுக்கிச் சுட்ட ‘ப்ரெட்ஸல்’ வகையில் சில இடங்களில் கொழுப்போ வெண்ணெயோ சேர்ப்பதால் கேட்டு வாங்க வேண்டும். டிஎம், ரோஸ்மன் போன்ற சோப்பு, மருந்துப் பொருள் கடைகளிலும் டோஃபுவும் தாவரப் பாலும் ரொட்டியில் தடவும் பருப்பு விழுதும் மலிவாக இருக்கும் என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை.

தங்கும் அறையில் அடுப்பு இருந்தால் இத்தனை கேள்விக்கும் ஓய்வு கிடைக்கும். ஆசியக் கடையில் புளியும் அரிசியும் தேங்காய்ப்பால் டின்னும் வாங்கி, மீன் குழம்புக்கு வைக்கும் அதே கூட்டில் மீனுக்குப் பதிலாகக் கத்தரிக்காயைப் போட்டு, கொண்டு சென்ற முண்டு மிளகாயை வறுத்தரைத்துச் சேர்த்துக் கொதிக்க வைத்தேன். தம்பி மகள் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “அத்தை, அடுத்த தடவை வரும்போது மிளகாய் ரெண்டு கிலோவா கொண்டு வாங்க” என்றாள்.