இறங்காத அக்ரிலிக் தட்டு

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பேக்கரிக்கு அக்ரிலிக் ஸ்டாண்டு கேட்டார்கள். பசை, ஸ்க்ரூ எதுவும் கூடாது. தட்டும் பக்கப் பலகையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்க வேண்டும். 5 மி.மீ. ஷீட்தானே என்று செருகும் வெட்டையும் 5 மி.மீ. அகலத்தில் வரைந்து, கோயம்புத்தூரில் சிஎன்சி ரவுட்டரில் (கணினி வரைபடப்படி வெட்டும் இயந்திரம்) வெட்டி வாங்கி வந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

சில இடத்தில் லொடலொட, சில இடத்தில் நுழையவே இல்லை. வெர்னியரால் அளந்தால் ஒரே ஷீட்டில் ஒரு ஓரம் 4.7, மறு ஓரம் 5.2. வார்ப்பு அக்ரிலிக் (அச்சில் ஊற்றிச் செய்வது) அப்படித்தான். 5 என்பது பெயருக்கு.

நுழைந்த தட்டும் அடிவரை இறங்கவில்லை. இதுதான் ஒரு சாயங்காலம் முழுக்கப் படுத்தியது. ரவுட்டரின் 3 மி.மீ. பிட் (சுழன்று வெட்டும் முனை) சுற்றிப் போன உள்மூலையில் 1.5 மி.மீ. ஆரத்துக்கு வளைவு நிற்கும். செருகும் விளிம்போ சதுரம். எப்படி உட்காரும்? சுத்தியலால் லேசாகத் தட்டினேன். டிக்! மூலையிலிருந்து விரிசல். "அண்ணே, இது அப்பளமா?" என்றான் கடைப் பையன்.

அப்புறம் துண்டு ஷீட்டில் 5.1 முதல் 5.4 வரை நான்கு வெட்டு போட்டுச் செருகிப் பார்த்தேன். 5.3 சரியாக இருந்தது. மெல்லிய ஓரத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு உள்மூலையிலும் பிட் அளவுக்கு ஒரு சின்ன வட்டக் குழி சேர்த்து வரைந்தேன். இந்த முறை கையால் அழுத்தியதுமே இறங்கியது.

துடைக்க ஸ்பிரிட் வேண்டாம், வெட்டிய ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், சோப்புத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.