லேண்ட்சாட் இப்போது எங்கே? பின்தொடரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் செயலியைத் திறந்தால் உலக வரைபடத்தின் மேல் ஒரு புள்ளி நகர்கிறது. பூமியைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோளான லேண்ட்சாட் 8 இந்த நொடியில் அங்கேதான் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். அந்தப் புள்ளி வெறும் கணிப்பு. ரேடார் போன்ற கருவிகளால் அளந்து, அமெரிக்க விண்வெளிப் படை வெளியிடும் இரண்டு வரி சுற்றுப்பாதைத் தரவை வைத்து, எஸ்ஜிபி4 என்ற கணக்குமுறை போடும் கணிப்பு. டிஎல்இ என்று சொல்வது இந்த இரண்டு வரிகளைத்தான்.

எனவே அந்த வரிகள் எப்போது எடுக்கப்பட்டவை என்று பார்க்காமல் விடுவது பெரிய தவறு. முதல் வரியில் 25135.50000000 என்று இருந்தால், 2025ஆம் ஆண்டின் 135ஆம் நாள், அதாவது மே 15; .5 என்பது பாதி நாள், உலக நேரப்படி பகல் 12 மணி. நம் கடிகாரத்தில் மாலை 5:30. லீப் ஆண்டாக இருந்தால் அதே 135 மே 14 ஆகிவிடும். புதிய தரவிலேயே ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பிசகு இருக்கலாம், நாளாக ஆகப் பிசகு கூடும். 2024 மே மாதம் வந்ததுபோல சூரியப் புயல் அடித்தால் மேல் வளிமண்டலம் உப்பி, இழுவை கூடி, பழைய கணிப்பு இன்னும் சீக்கிரம் கெட்டுப்போகும். சுற்றுப்பாதையைத் திருத்த உந்துவிசையை இயக்கினாலும் அப்படித்தான்.

இன்னொரு தவறு, 'தலைக்கு மேல் போகிறது' என்றாலே நம் ஊரைப் படம் எடுக்கிறது என்று நினைப்பது. ஏரி நிரம்பியதா, வெள்ளம் வடிந்ததா என்று படத்துக்குக் காத்திருப்பவர்களை இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. லேண்ட்சாட் படமெடுக்கும் பட்டை 185 கி.மீ. அகலம்தான். செயலி 40 டிகிரி உயரக் கோணம், அதாவது அடிவானத்திலிருந்து அவ்வளவு மேலே, என்று காட்டினால் நல்ல கோணமாகத் தோன்றும். ஆனால் 705 கி.மீ. உயரத்தில் பறப்பது அந்தக் கோணத்தில் தெரிந்தால், அதற்கு நேர் கீழே உள்ள இடம் நம்மிடமிருந்து சுமார் 700 கி.மீ. தள்ளி இருக்கிறது. நம் ஊர் பட்டைக்குள் விழ வேண்டுமானால் கோணம் ஏறக்குறைய 82 டிகிரியைத் தாண்ட வேண்டும், அதுவும் பகல் சுற்றில்.

99 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் அடுத்த சுற்றிலும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதற்குள் பூமி சுழன்றுவிடுகிறது. நிலநடுக்கோட்டில் தடம் சுமார் 2,750 கி.மீ. மேற்கே நகர்ந்திருக்கும். அதே தடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும்.

பெயர் குழப்பமும் உண்டு. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனிப் பட்டியல் எண் உண்டு: லேண்ட்சாட் 8க்கு 39084, அதே வேலையைச் செய்யும் லேண்ட்சாட் 9க்கு 49260. பெயரைத் தட்டித் தேடாமல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.

இரவில் மொட்டைமாடியில் நின்று லேண்ட்சாட்டைத் தேடுவதும் வீண். நம் பக்கம் இரவில் அது கடப்பது பத்து மணியை ஒட்டி. அப்போது அது பூமியின் நிழலுக்குள் இருக்கும், வெயில் படாது.

சரி, படம்தான் வேண்டும் என்றால் புள்ளியைத் துரத்துவதைவிட, லேண்ட்சாட் படங்களில் உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று சொல்லும் தட எண்ணையும் வரிசை எண்ணையும் தெரிந்துகொண்டு படமெடுக்கும் நாட்காட்டியைப் பாருங்கள். சென்னைக்கு 142, 51. லேண்ட்சாட் 8 காலை பத்தரை மணியை ஒட்டி அங்கே கடந்தால், எட்டு நாள் கழித்து லேண்ட்சாட் 9 அதே தடத்தில் வரும். அன்றைக்கு மேகம் இருக்குமா என்பதை எந்தச் செயலியின் புள்ளியும் சொல்லாது. வானிலை அறிக்கையையும் கூடவே பாருங்கள்.