சிப்பி எண்ணி விளையாட

திருகோணமலையில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு எண் பழக்க விளையாட்டுச் சாமான் வாங்கத் தேவையில்லை. உப்புவெளிக் கடற்கரையில் 10 வெறும் சிப்பி பொறுக்கி வாருங்கள். புறாத்தீவில் மட்டும் எதையும் எடுக்க வேண்டாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா. 4 சென்ரிமீற்றரைவிடச் சிறியது தொண்டையில் சிக்கும், விளிம்பு உடைந்தது கையைக் கீறும், இரண்டையும் விலக்குங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

பிறகு இரண்டு சிரட்டை போதும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணட்டும். மூன்றில் தொடங்குங்கள்; ஐந்துக்கு அவசரமில்லை. பெரும்பாலும் வாய் "நாலு, அஞ்சு" என்று ஓடும், விரல் இரண்டாம் சிப்பியிலேயே நிற்கும். எண்கள் பாட்டுப்போல மனப்பாடமாகியிருப்பதுதான் காரணம். அதட்டாதீர்கள். சிப்பி சிரட்டையில் "டொக்" என்று விழுந்த பிறகே அடுத்த எண்ணைச் சொல்லப் பழக்குங்கள்.

முடிந்ததும் "எல்லாமா எத்தனை?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி முதலிலிருந்து எண்ணினால், கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. "ஒண்டு, ரெண்டு, மூண்டு... மூண்டு சிப்பி!" என்று நீங்களே சொல்லிக் காட்டுங்கள். ஐந்துவரை வந்தபின் அதே சிப்பிகளைச் சுளகில் அகலப் பரப்பிக் கேட்டுப் பாருங்கள். கூடிவிட்டதென்று பல பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வயதுக்கு அது இயல்பு. பத்து நிமிடத்துக்குள், ஆசை தீருமுன்பே எடுத்து வையுங்கள்.