ஃபார்வர்டர் முகவரிக்குப் போகும் பார்சலும் அமெரிக்க சேல்ஸ் டேக்ஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரேசிலில் இருக்கும் ஒருவர் அமெரிக்க ஆன்லைன் கடையில் 1,200 டாலருக்கு ஒரு கேமரா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை. அதனால் மயாமியில் உள்ள ஃப்ரெய்ட் ஃபார்வர்டரின், அதாவது சரக்கை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் நிறுவனத்தின், கிடங்கு முகவரியைக் கொடுக்கிறார். செக்அவுட்டில் 84 டாலர் சேல்ஸ் டேக்ஸ் (விற்பனை வரி) ஏறிவிடுகிறது: ஃப்ளோரிடா மாநிலத்துக்கு 6 சதவீதம், மயாமி-டேட் கவுண்டிக்கு 1 சதவீதம். "சரக்கு நாட்டை விட்டே போகிறது, எனக்கு ஏன் வரி?" என்று அவர் மின்னஞ்சல் போடுகிறார். கடைக்காரரும் மறுபேச்சில்லாமல் 84 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

பெரும்பாலான விற்பனையாளர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நாளைக்கு ஆடிட் வந்தால் மாநிலம் பிரேசில்காரரைத் தேடிப் போகாது. ஏற்றுமதி நடந்ததற்குச் சான்று இல்லையென்றால் அந்த 84 டாலரும், அதன் மேல் அபராதமும் வட்டியும் கடைக்காரர் தலையில்தான் விழும்.

வாங்குபவரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏற்றுமதிக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவே சொல்கிறது. ஆனால் "ஏற்றுமதி செய்யப் போகிறேன்" என்ற எண்ணம் ஏற்றுமதி ஆகிவிடாது. 1974-இல் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கென்றே செய்த இயந்திரங்கள் ஒஹையோவில் ஒரு கிடங்கில் இருந்தன. அவை வெளிநாடு போவது கிட்டத்தட்ட உறுதி. ஆனாலும் பயணம் தொடங்கவில்லை, அதனால் மாநிலம் வரி போடலாம் என்று தீர்ப்பானது. அது சொத்து வரி வழக்கு. சேல்ஸ் டேக்ஸ் அதிகாரிகளின் பார்வையும் ஏறக்குறைய அதே வழியில்தான் போகிறது.

அடுத்த தவறு, எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி என்று நினைப்பது. கலிஃபோர்னியாவில் விற்பனையாளரே சரக்கை ஃபார்வர்டர் கையில் ஒப்படைத்து, அது வெளிநாட்டுப் பயணத்தில் திரும்பப்பெற முடியாதபடி சேர்ந்து, எந்தப் பயன்பாட்டுக்கும் முன் அங்கே போய்ச் சேர்ந்தால் வரி கிடையாது. வாங்குபவரே வந்து கையில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினால் வரி உண்டு. சரக்கு கடைசியில் ஒரே ஊருக்குப் போனாலும் அப்படித்தான். டெக்சஸ் காகிதத்தில் கறார். பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குப் போக்குவரத்து நிறுவனம் தரும் ஆவணம்), கஸ்டம்ஸ் புரோக்கரின் (சுங்க முகவரின்) சான்று, போய்ச் சேர்ந்த நாட்டின் இறக்குமதி ஆவணம் என்று எது செல்லும் என்பதைச் சட்டமே சொல்கிறது. இந்த வகைக்குள் வராத ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது.

ஃப்ளோரிடா இதற்கென்றே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. சர்வதேச ஏற்றுமதியையே முக்கியத் தொழிலாகச் செய்யும் ஃபார்வர்டர், தன் முகவரிக்கு மாநில வருவாய்த் துறையிடம் சான்றிதழ் வாங்கலாம். அந்த முகவரிக்கு அனுப்பும் விற்பனையாளர் சான்றிதழின் நகலையோ துறை வெளியிடும் பட்டியலையோ நம்பி வரியை விட்டுவிடலாம். மயாமிப் பக்கம் அடிக்கடி அனுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். கிடங்கின் பெயரில் 'எக்ஸ்போர்ட்' என்று இருப்பதால் மட்டும் அது சான்றிதழ் பெற்ற முகவரி ஆகிவிடாது.

சரி, இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த மாநிலத்தில் வரி வசூலிக்கும் கடமை உங்களுக்கு உண்டா? 2018-இல் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, கடையோ கிடங்கோ இல்லாமலே விற்பனைத் தொகையை வைத்து நெக்சஸ், அதாவது வரி வசூலிக்க வைக்கும் தொடர்பு, உண்டாகிவிடுகிறது. ஃப்ளோரிடாவில் ஆண்டுக்கு 1,00,000 டாலர், கலிஃபோர்னியாவிலும் டெக்சஸிலும் 5,00,000 டாலர் என்பது வரம்பு. ஃபார்வர்டர் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. லத்தீன் அமெரிக்கா முழுவதும் சிதறி இருக்கும் உங்கள் வாடிக்கையாளர்கள், எல்லோரும் ஃபார்வர்டர் முகவரியையே கொடுப்பதால், உங்கள் கணக்கில் ஒரே மாநிலத்தில் குவிந்து நிற்பார்கள். வரம்பில் எதைச் சேர்க்க வேண்டும் என்பதும் மாறும். ஃப்ளோரிடா வரிக்கு உட்பட்ட விற்பனையை மட்டும் எண்ணுகிறது, டெக்சஸ் விலக்கு பெற்ற விற்பனையையும் சேர்த்து எண்ணுகிறது.

அமேசான் மாதிரி தளத்தில் விற்றால் வரியைப் பிடிப்பதும் கட்டுவதும் தளத்தின் வேலை. வாங்குபவர் கேட்கிறார் என்று உங்கள் கைக்காசைத் திருப்பிக் கொடுத்தால் அது போனதுதான். கேள்வியைத் தளத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

ஆரெகன், டெலவேர் ஃபார்வர்டர்கள் பிரபலமாக இருப்பதற்குக் காரணம் தெரிந்ததே: அந்த மாநிலங்களில் சேல்ஸ் டேக்ஸே இல்லை. வாங்குபவருக்கு இது நேர்மையான, எளிய வழி. ஆனால் சொந்த நாட்டின் இறக்குமதி வரி இதனால் குறையாது. டெலவேரில் தொழில் செய்யும் விற்பனையாளருக்கு மொத்த வரவின் மீது வேறொரு வரி இருப்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்புறம், ஐரோப்பாவில் போல விமான நிலையத்தில் வரியைத் திரும்ப வாங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். சேல்ஸ் டேக்ஸ் மாநிலங்களுடையது, அமெரிக்கக் கஸ்டம்ஸ் அதைத் திருப்பித் தராது.

இனி சான்றுக்கு வருவோம். இதில்தான் நடைமுறைச் சிக்கல் அதிகம். அந்தக் கேமரா கிடங்குக்குப் போனதும் ஃபார்வர்டர் அதைத் தனியாக அனுப்புவதில்லை. இன்னும் பல பொருட்களோடு ஒரே பெட்டியில் கட்டி அனுப்புகிறார். மொத்தப் பெட்டிக்கும் போடும் விமானச் சரக்கு ஆவணமான மாஸ்டர் ஏர்வே பில்லில் கேமரா என்ற பேச்சே இருக்காது. அரசிடம் மின்னணு ஏற்றுமதித் தகவல் பதிந்திருப்பார்களே என்றால், ஒரு வகைச் சரக்கின் மதிப்பு 2,500 டாலரைத் தாண்டினால்தான் பொதுவாக அது கட்டாயம். 1,200 டாலர் கேமராவுக்குப் பதிவே இல்லாமல் போகலாம். உங்கள் கையில் மிஞ்சுவது, மயாமி கிடங்கில் டெலிவரி ஆனது என்று காட்டும் டிராக்கிங் மட்டுமே. அது சரக்கு ஃப்ளோரிடாவுக்குள் வந்து சேர்ந்ததைத்தான் நிரூபிக்கிறது!

அதனால் கேட்க வேண்டியது வேறு. ஃபார்வர்டரின் ரசீதிலும், அந்த வாடிக்கையாளர் பெயரில் வரும் ஹவுஸ் ஏர்வே பில்லிலும் உங்கள் இன்வாய்ஸ் எண் இருக்க வேண்டும். கேமரா மாதிரிப் பொருளுக்குச் சீரியல் எண்ணும் இருந்தால் நல்லது. இதை அனுப்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஃபார்வர்டரை அமர்த்தியது வாங்குபவர் என்பதால், பிறகு நீங்கள் கேட்டால் பதில் சொல்ல ஃபார்வர்டருக்கு அவசரம் இருக்காது. காகிதம் வரும்வரை வரியை வாங்கி வைத்துக்கொண்டு, வந்த பிறகு திருப்பித் தருவதாக விற்பனை நிபந்தனைகளிலேயே எழுதிவிடலாம். ரீசேல் சான்றிதழை இந்தக் காகிதத்துக்குப் பதிலாக ஏற்காதீர்கள். அது மறுவிற்பனைக்கான விலக்கு, ஏற்றுமதியை அது நிரூபிக்காது.

வந்த நகல்களை ஆர்டர் வாரியாகச் சேமித்து வையுங்கள். டெக்சஸ் ஆடிட் பொதுவாக நான்கு ஆண்டுகள் பின்னோக்கிப் போகும், கலிஃபோர்னியாவில் மூன்று. ரிட்டர்னே தாக்கல் செய்யாதவர்களுக்கு அங்கே அது எட்டு ஆண்டுகள்.