விளையாடாத வீடியோ கேமுக்கு நகைச்சுவை விமர்சனம் எழுதுவது எப்படி?

என் அக்கா மகன் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' விளையாடிக்கொண்டிருந்தான். அவன் நாற்காலிக்குப் பின்னால் என் அப்பா நின்றிருந்தார். சங்ககிரியிலிருந்து நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடியோ கேம் எதையும் தொட்டதில்லை. திரையில் லாரி ஒரு கிடங்கின் வாசலில் பின்னோக்கி நகர்ந்தது. அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

"ரிவர்ஸ் எடுக்கிறாயே, பின்னால் நின்று வழி சொல்ல கிளீனர் எங்கே?"

"இதில் கிளீனர் கிடையாது தாத்தா."

"அப்படியானால் டயரைத் தட்டிப் பார்த்தது யார்?"

அப்பா உண்மையான கவலையோடுதான் கேட்டார். பையன் சிரித்த சிரிப்பில் லாரி போய்ச் சுவரில் இடித்தது.

நான் கேட்டதிலேயே மிகச் சிறந்த கேம் விமர்சனம் அந்த இரண்டு கேள்விகள்தான். அன்றிலிருந்து இந்த வகை விமர்சனத்தின் மேல் எனக்குத் தீராத ஆசை. எழுதிப் பார்த்ததில் கற்றுக்கொண்டதை, இதுவரை ஒரு வரிகூட எழுதியிராதவர்களுக்காக இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை. ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: உங்களுக்குத் தெரிந்த தொழில் உள்ள கேமைத் தேடுங்கள்

கேம் தெரியாமல் இருக்கலாம். கேமுக்குள் இருக்கும் விஷயம் உங்களுக்குக் கரைகண்ட விஷயமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு லாரி தெரியும். அதனால்தான் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது. டிராகன் வரும் கேமைக் காட்டியிருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார்.

பல தொழில்களுக்கு கேம் இருக்கிறது. வயல்வேலை தெரிந்தவருக்கு 'ஃபார்மிங் சிமுலேட்டர்' வரிசை. ஸ்விட்சர்லாந்து நிறுவனம் ஒன்று 2008 முதல் உருவாக்கி வருகிறது. மெஸ் நடத்துபவருக்கு 2016-இல் வந்த 'ஓவர்குக்டு'. அதில் நான்கு சமையல்காரர்கள் வெங்காயம் நறுக்குவார்கள், அடுப்பைக் கவனிக்காவிட்டால் தீப்பிடிக்கும், சமையலறையே இரண்டாகப் பிரிந்து நகர்ந்துபோகும். அரசு அலுவலகத்தில் முத்திரை குத்திப் பழகியவருக்கு லூகாஸ் போப் உருவாக்கி 2013-இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. எல்லையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சரிபார்க்கும் அதிகாரியாக நாம் வேலை பார்க்க வேண்டும். எத்தனை பேரின் தாள்களைப் பார்த்து முடிக்கிறோமோ அத்தனைக்குத்தான் சம்பளம். தவறு கூடினால் அபராதம்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் 'டெட்ரிஸ்' இருக்கவே இருக்கிறது. 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. அதை ஒருமுறையும் ஆடாத கொத்தனார் ஒருவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: "கல் மேலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. சிமெண்ட் வரவில்லை. ஒரு வரிசையை இடைவெளி இல்லாமல் கட்டி முடித்தால் அந்த வரிசை மறைந்துவிடுகிறது. சாயந்திரம் மேஸ்திரி வந்து அளந்து பார்த்தால் கூலிக்கு நான் எதைக் காட்டுவேன்?" விமர்சனம் பாதி முடிந்துவிட்டது.

படி 2: பதினைந்து நிமிடம் மட்டும் பாருங்கள்

கேமின் அட்டைப்படம், முன்னோட்ட வீடியோ ஒன்று, விற்பனைப் பக்கத்தில் உள்ள விவரிப்பு, வயது வரம்பு, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்ற பட்டியல். இவை போதும். யாராவது முழுக்க விளையாடிப் பதிவேற்றிய வீடியோவைப் பார்க்காதீர்கள். பார்த்தால் ஐயங்கள் தீர்ந்துவிடும், தீர்ந்த பிறகு எழுத ஒன்றும் இருக்காது.

தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கண்ணால் கண்டது. இரண்டாவதில் நீங்கள் ஊகித்தது. மூன்றாவதில் உங்களுக்கு விளங்காதது. புதிதாக எழுதுபவர்கள் மூன்றாவது பத்தியை வெட்கப்பட்டுக் காலியாக விடுகிறார்கள். தங்கம் இருப்பது அங்கேதான்.

'அன்டைட்டில்டு கூஸ் கேம்' என்று ஒன்று 2019-இல் மெல்போர்னிலிருந்து வந்தது. ஓர் ஆங்கிலேய கிராமம், அதில் ஒரு வெள்ளை வாத்து. அந்த வாத்துதான் நாம். கையில் ஒரு வேலைப்பட்டியல் தருகிறார்கள்: தோட்டக்காரரின் சாவியைத் திருட வேண்டும், அவரை நனைக்க வேண்டும், குப்பைவாரியை ஏரியில் போட வேண்டும். கத்துவதற்கென்றே தனியாக ஒரு பொத்தான். இதைப் பார்த்துவிட்டு என் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய மூன்றாவது பத்தி இப்படி இருந்தது:

வாத்துக்கு இந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்தது யார்? தோட்டக்காரர் வாத்துக்கு முன்பு என்ன செய்தார்? முட்டை எப்போது வரும்?

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். வாத்து வளர்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

படி 3: உண்மையை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்

இந்தப் படியில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. "இந்த கேமை நான் விளையாடவில்லை" என்ற வாக்கியம் முதலில் வர வேண்டும். அதை மறைத்து எழுதினால் அது பொய் விமர்சனம். சொல்லிவிட்டு எழுதினால் வாசகர் உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்குகிறார்.

எழுதியதை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். ஸ்டீம் போன்ற விற்பனைத் தளங்களின் மதிப்பீட்டுப் பகுதியில் இதைக் கொண்டுபோய்ப் போடவே கூடாது. அங்கே ஒவ்வொரு விமர்சனத்துக்கும் பக்கத்தில் எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று காட்டுகிறார்கள், காரணத்தோடுதான். பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வருபவர்கள் படிக்கும் இடம் அது. இரண்டு மூன்று பேர் வருடக்கணக்கில் உழைத்துச் செய்த கேமின் பிழைப்பு அந்த மதிப்பீட்டில் இருக்கிறது. உங்கள் விமர்சனத்தின் இடம் உங்கள் சொந்தப் பக்கம், நண்பர்கள் குழு, கல்லூரி மலர்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதி: கேம் மோசம் என்று சொல்லாதீர்கள். அந்த உரிமை விளையாடியவருக்கு மட்டும் உண்டு. 1982-இல் அடாரி நிறுவனம் வெளியிட்ட 'ஈ.டி.' கேமை உலகமே கிண்டல் செய்தது. கிண்டல் செய்தவர்களில் அதைத் தொட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஹாவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை மனிதர், கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகச் சுமார் ஐந்தே வாரத்தில் அதை எழுதினார். பாராட்டப்பட்ட 'யார்ஸ் ரிவெஞ்ச்' கேமை எழுதியதும் அதே கைதான். விற்காத கேட்ரிட்ஜ்களை, அதாவது கேம் பதிந்த பெட்டிகளை, 1983-இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது 'ஈ.டி.' மட்டுமல்ல, வேறு பல அடாரி கேம்களும் வெளியே வந்தன. அந்த ஐந்து வாரத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தக் கிண்டலில் சேர மனம் வரவில்லை.

படி 4: யார் குரலில் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஒரே குரல். அந்தக் குரல் கடைசிவரை சிரிக்கக் கூடாது. தன் தொழிலை மதிக்கும் ஒருவர், அதே மதிப்போடு திரையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சந்தேகம் வரலாம், மகிழ்ச்சி வரலாம், கவலை வரலாம். வாசகரைச் சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் வரக் கூடாது. ஆச்சரியக்குறிகளை எடுத்துவிடுங்கள்.

படி 5: எழுதுங்கள்

முதலில் தவறான மாதிரி ஒன்று: "இது மிகவும் வேடிக்கையான லாரி கேம். லாரி ஓட்டுவதை ஒரு கேமாகவா ஆடுவார்கள்? ஒரே சிரிப்பு." இதில் லாரியும் இல்லை, கேமும் இல்லை. எழுதியவரின் அபிப்பிராயம் மட்டும் இருக்கிறது.

இனி அப்பா சொல்ல நான் எழுதியது:

"இந்த கேமை நான் விளையாடவில்லை. பேரன் ஆடுவதைப் பத்து நிமிடம் பின்னால் நின்று பார்த்தேன். 31 வருடம் லாரி ஓட்டியிருக்கிறேன். ஐரோப்பாவில் லாரிகள் கழுவித் துடைத்தது போல் இருக்கின்றன. கிளீனரைக் காணோம். கழுவியது யார் என்று தெரியவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டினான், அபராதம் அந்த நொடியே கணக்கில் கழிந்தது. வண்டியை ஓரம்கட்டச் சொல்லவில்லை, ஆர்.சி. புத்தகம் கேட்கவில்லை. டிரைவருக்குக் கொட்டாவி வந்தால் போய்த் தூங்கு என்று கேமே சொல்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். சரக்கு சேதமானதைச் சதவீதத்தில் சொல்கிறார்கள். என் முதலாளி ரூபாயில் சொல்வார். பேரனுக்கு பேட்டா கொடுத்ததாகத் தெரியவில்லை, கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண்: ஐந்து டயருக்கு நான்கு. ஸ்டெப்னி எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிந்தால் ஐந்தாவதையும் தருவேன்."

இதில் எந்த இடத்திலும் கேமைத் திட்டவில்லை. அபராதம் உடனே கழிவது, கொட்டாவி, சேத சதவீதம் எல்லாமே 2012-இல் வெளிவந்த அந்த கேமில் உள்ளபடிதான். உண்மையை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் அப்பாவின் 31 வருடத்தை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். "என் முதலாளி ரூபாயில் சொல்வார்" என்ற வரிக்கு என் அக்கா மகன் சிரித்தான். அதே வரிக்குச் சங்ககிரியில் அப்பாவின் பழைய நண்பர் தலையை ஆட்டி, "ஆமாம், சொல்வார்" என்றார். இரண்டுமே எனக்கு வேண்டும். தொழில் தெரிந்தவர் தலையாட்டாத வரி, எவ்வளவு சிரிப்பு வரவழைத்தாலும் நான் அடித்துவிடுவேன்.

மதிப்பெண்ணுக்கு நட்சத்திரம் வேண்டாம். டயர், கரண்டி, மரக்கால், முத்திரை என்று அந்தத் தொழிலின் அளவையிலேயே கொடுங்கள். பார்த்த அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டுமான மதிப்பெண் அது என்பது வாசகருக்குத் தானாகவே புரிந்துவிடும்.

சில நேரம் கேமே நம்மை முந்திவிடும். 'டெசர்ட் பஸ்' அப்படிப்பட்டது. பென், டெல்லர் என்ற அமெரிக்க மந்திரவித்தை இரட்டையருக்காகச் செய்யப்பட்டு 1995-இல் வந்திருக்க வேண்டிய தொகுப்பின் ஒரு பகுதி, வெளியாகாமலே நின்றுபோனது. அரிசோனாவின் டூசான் நகரிலிருந்து லாஸ் வேகாஸுக்கு ஒரு காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். நிஜமாகவே எட்டு மணி நேரம். அதிகபட்ச வேகம் மணிக்குச் சுமார் 72 கிலோமீட்டர். பஸ் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்கும் என்பதால் கையை எடுக்க முடியாது. இடையில் நிறுத்திவைக்கவும் முடியாது. சாலையை விட்டு இறங்கினால் பஸ்ஸை டூசானுக்கே இழுத்துக்கொண்டு வருவார்கள், அதுவும் நிஜ நேரத்தில். போய்ச் சேர்ந்தால் ஒரு புள்ளி. இப்படிப்பட்ட கேமுக்கு மிகைப்படுத்தல் எதுவும் சேர்க்காதீர்கள். வரிசையாகச் சொல்லிவிட்டு, "பயணிகள் யாரும் ஏறவில்லை, ஆனாலும் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்" என்று ஒரு வரி மட்டும் எழுதுங்கள். 2007 முதல் கனடாவில் ஒரு நகைச்சுவைக் குழு ஆண்டுதோறும் இதை நாள் கணக்கில் விடாமல் ஓட்டி, மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டுகிறது. அதையும் சேர்த்துக்கொண்டால் விமர்சனத்துக்கு ஒரு கனிவு வந்துவிடும்.

படி 6: விளையாடியவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

சத்தமாக. அவர் எங்கே சிரிக்கிறார், எங்கே "அப்படி இல்லையே" என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயர், ஆண்டு, கேமில் நடக்கும் நிகழ்வு ஆகியவற்றில் தவறு இருந்தால் திருத்திவிடுங்கள். ஊகம் தவறாக இருந்தால் அப்படியே விடுங்கள். ஊகம் என்று தெரியும்படி எழுதியிருந்தால் போதும். சந்தேகங்களுக்கு விடை சொல்ல அவர் வாயைத் திறந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள், அடுத்த விமர்சனத்துக்கு அவை வேண்டும்.

நீளம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

அப்பாவின் விமர்சனத்தை வாசித்து முடித்ததும் அக்கா மகன் எழுந்து நாற்காலியைக் காலி செய்தான். "தாத்தா, நீங்களே ரிவர்ஸ் எடுங்கள்" என்றான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பையன் திரைக்குப் பக்கத்தில் நின்று, "வரட்டும், வரட்டும், இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மூன்றாவது முயற்சியில் டிரைலர் கோட்டுக்குள் நேராக நின்றது. அப்பா லாரி கேமை விளையாடிவிட்டார், இனி அதற்கு அவர் விமர்சனம் எழுத முடியாது. அம்மாவின் முட்டைக் கேள்வி இன்னும் நோட்டில் அப்படியே இருக்கிறது. இந்த வாரம் அதை எடுத்து எழுத உட்காரப் போகிறோம்.