ஓர் ஏரியைக் கணக்கில் எழுதுவது எப்படி

இயற்பியலோ சூழலியலோ படிக்கிற பலர், மாடலிங் (இயற்கையில் நடப்பதைச் சமன்பாடுகளால் கணக்கிட்டுப் பார்ப்பது) என்றதும் பெரிய மென்பொருள் ஒன்றை இறக்கி நிறுவிவிட்டு, அது கேட்கும் ஐம்பது உள்ளீடுகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் திணறுகிறார்கள். அந்த வழியில் போக வேண்டாம். முதல் மாடல் ஒரு தாளில் அடங்க வேண்டும். கணினியைத் திறப்பதற்கு முன்பே விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கணினி தப்பான எண்ணையும் அதே பத்து தசமத்தோடுதான் காட்டும்.

சரி, ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர். நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் சுத்தமான தண்ணீர் ஒரு பக்கம் வருகிறது, அதே அளவு மறுபக்கம் வழிந்து போகிறது. ஏரியில் ஒரு ரசாயனம் கலந்துவிட்டது, லிட்டருக்கு 100 மைக்ரோகிராம். ஏரி எத்தனை நாளில் தெளியும்?

முதலில் எழுத வேண்டியது நிரல் இல்லை, வரவு செலவுக் கணக்கு. இருப்பு மாறும் வேகம் என்பது வரவிலிருந்து செலவைக் கழித்தது, உள்ளேயே ஏதாவது உண்டானால் அதைக் கூட்டி, உள்ளேயே அழிந்தால் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். வளிமண்டலத்தின் வெப்பமானாலும் சரி, ஆற்றில் ஓடும் நீரானாலும் சரி, நிறை, ஆற்றல், உந்தம் இவற்றில் எதற்காவது இந்தக் கணக்கைப் போடுவதுதான் அடிப்படை வேலை. நம் ஏரியில் ரசாயனத்துக்கு வரவு இல்லை. செலவு என்பது வெளியேறும் நீரின் அளவைச் செறிவால், அதாவது லிட்டருக்கு எவ்வளவு ரசாயனம் என்பதால், பெருக்கியது. 10,000-ஐ 10 லட்சத்தால் வகுத்தால் நூறில் ஒன்று, அதாவது அந்தந்தக் கணத்தில் இருக்கும் ரசாயனம் நாளுக்கு 1 சதவீத வேகத்தில் குறைந்துகொண்டே போகிறது.

இங்கேயே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஏரி அளவு தண்ணீர் 100 நாளில் உள்ளே வந்துவிடுகிறது, அதனால் 100 நாளில் ரசாயனம் முழுக்கப் போய்விடும் என்றுதான் முதலில் தோன்றும். போகாது. வெளியேறுவது பழைய தண்ணீர் மட்டும் இல்லை, பழையதும் புதியதும் கலந்த தண்ணீர். 100-ஆம் நாளில் 36.79 மைக்ரோகிராம் மீதி இருக்கும், பாதியாகக் குறையவே 69 நாள் ஆகும். 100-ஐ e என்ற எண்ணால் (சுமார் 2.718) வகுத்தால் வரும் இந்த 36.79 தாளிலேயே கிடைக்கும் துல்லியமான விடை, இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் ஏரி முழுக்க ஒரே சீராகக் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டதால் வந்தது. மழை இல்லை, ஆவியாதல் இல்லை, அடிச்சேற்றில் எதுவும் ஒட்டவில்லை என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இவை ஒவ்வொன்றையும் நிரலின் தலைப்பிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே திறந்து பார்க்கும்போது அந்த வரிகள்தான் காப்பாற்றும்.

அப்புறம் அலகுகள். நீரோட்டத் தரவு பெரும்பாலும் நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும், நம் கணக்கோ நாளில் ஓடுகிறது, இடையில் நிற்பது 86,400 என்ற பெருக்கம். நான் ஒருமுறை அதை விட்டுவிட்டு, ஏரி தெளியவே மாட்டேன் என்கிறதே என்று இரண்டு நாள் சமன்பாட்டைத் துருவிக்கொண்டிருந்தேன். சமன்பாடு சரியாகத்தான் இருந்தது. 1999-இல் செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்ததும் அலகுக் குழப்பத்தால்தான்: ஒரு மென்பொருள் பவுண்டு விசை-நொடியில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன்-நொடி என்று படித்தது. ஒவ்வொரு மாறிக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள், சமன்பாட்டின் எல்லா உறுப்புகளும் ஒரே அலகில் வருகின்றனவா என்று கையால் சரிபாருங்கள்.

இப்போது கணினிக்குப் போகலாம். எக்செல் போதும். எளிய வழி ஆய்லர் முறை: இன்றைய செறிவிலிருந்து, இன்றைய வேகத்தை நேரப்படியால் (ஒரே தாவலில் எத்தனை நாள் முன்னே போகிறோம் என்பது) பெருக்கிக் கழித்தால் அடுத்த செறிவு. படியை 1 நாள் என்று வைத்தால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் 0.99 மடங்கு, 100-ஆம் நாளில் 36.60 வரும். படியை 10 நாளாக்கினால் 34.87. இரண்டும் பரவாயில்லை, எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்பதும் தெரிகிறது. அடுத்து, வேண்டுமென்றே படியை 150 நாளாக்கிப் பாருங்கள்: 100, −50, 25. எதிர்ம செறிவு! 250 நாளாக்கினால் 100, −150, 225, −337.5 என்று மேலும் கீழும் தாவி வெடித்துவிடும். ஏரியில் எதுவும் நடக்கவில்லை, படியின் நீளம் மட்டும்தான் மாறியது. இந்த வெடிப்பைச் சின்ன மாடலில் ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குப் பெரிய மாடலில் அதே அறிகுறி வந்தால் உடனே தெரிந்துவிடும்.

வெடிக்காமல் இருக்க மறைமுக முறை உண்டு. கழிப்பதற்குப் பதில், முந்தைய செறிவை 1 + படி/100 என்பதால் வகுக்க வேண்டும். 250 நாள் படியிலும் இது அமைதியாக 28.6 என்று விடை சொல்லும். உண்மையான விடை 8.2. வெடிக்கவில்லை என்பதும் சரியாக இருக்கிறது என்பதும் வேறு வேறு, இதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஆகவே எந்த மாடலுக்கும் மூன்று சோதனைகளையாவது செய்யாமல் நகராதீர்கள். தாளில் வந்த விடையோடு ஒப்பிடுங்கள். படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள், விடை கண்ணில் படும்படி மாறினால் படி இன்னும் பெரிது. மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது, நிறைக் கணக்கு: தொடக்கத்தில் இந்த ஏரியில் மொத்தம் 100 கிலோ ரசாயனம் இருக்கிறது, ஏரியில் மீதி இருப்பதையும் அதுவரை வெளியேறியதையும் எந்த நாளில் கூட்டினாலும் 100 கிலோ வர வேண்டும். 99.3 வந்தாலும் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அடுத்து, ரசாயனம் தானாகவும் சிதைகிறது என்று சேர்ப்போம், நாளுக்கு 2 சதவீத வேகத்தில். மொத்த வேகம் இப்போது நாளுக்கு 0.03, பாதியாகக் குறைய 23 நாள் போதும். 50-ஆம் நாளில் 22.3 மீதி. சிதைவு வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் அது 20.2 ஆகிறது, நீரோட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் 21.2. எதை அளக்கக் கூடுதலாகப் பாடுபட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. உங்களிடம் ஏரியின் செறிவு அளவீடுகள் மட்டும் இருந்தால் தரவு 0.03 என்ற கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். நீரோட்டம் 0.01, சிதைவு 0.02 என்று பிரித்தாலும் வளைகோடு பொருந்தும், 0.02, 0.01 என்று பிரித்தாலும் அச்சு அசலாக அதே மாதிரி பொருந்தும். எவ்வளவு தரவு சேர்த்தாலும் இது தீராது. நீரோட்டத்தைத் தனியாகப் போய் அளந்தால்தான் தீரும். இரண்டு எண்களுக்கே இந்தக் கதி என்றால், இருபது எண்களைத் திருகி வளைகோட்டைப் பொருத்திவிட்டு மாடல் சரி என்று சொல்வதை நான் நம்புவதே இல்லை. தரவில் ஒரு பகுதியை வைத்துப் பொருத்துங்கள், தொடாத பகுதியை வைத்துச் சோதியுங்கள்.

சமன்பாடு சரியாக இருந்தாலும் தொடக்கத் தரவு கவிழ்த்துவிடும் என்பதற்கு ஆங்கிலேய அறிவியலாளர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனின் கணக்கைவிடப் பெரிய பாடம் இல்லை. 1910 மே 20-இன் வானிலையை அவர் கையாலேயே கணித்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று வந்தது, உண்மையில் அன்று அழுத்தம் பெரிதாக மாறவே இல்லை. தொடக்கக் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைவாக இல்லாததுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அவர் அந்தத் தப்பான விடையை மறைக்காமல் 1922-இல் அச்சிட்டார், அதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இடத்தையும் கட்டங்களாகப் பிரித்து மாடல் செய்ய ஆசை வரும். செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மண்ணுக்குள் வெப்பம் பரவுவதை ஆய்லர் போன்ற நேரடி முறையில் கணக்கிடும்போது, பரவல் கெழு (வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் காட்டும் எண்) நொடிக்கு 0.0000005 சதுர மீட்டர் என்றால், 10 செ.மீ. கட்டத்துக்கு நேரப்படி வெடிக்காமல் 10,000 நொடி வரை போகலாம். கட்டத்தை 1 செ.மீ. ஆக்கினால் வெறும் 100 நொடி. கட்டம் பத்தில் ஒன்றானால் படி நூறில் ஒன்றாகச் சுருங்குகிறது, கட்டங்களின் எண்ணிக்கையும் பத்து மடங்கு, ஆக வேலை ஆயிரம் மடங்கு.

நம் ஏரிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அளந்து பார்த்தால் மேல்நீரில் ரசாயனம் வேகமாகக் குறைகிறது, அடியில் அப்படியே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் வெதுவெதுப்பான இலேசான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும். சீராகக் கலந்திருக்கிறது என்று தலைப்பில் எழுதிய வரி உடைந்துவிட்டது, அதை அடித்துவிட்டு ஏரியை மேல், கீழ் என்று இரண்டு பெட்டிகளாக்குங்கள். இரண்டுக்கும் இடையே நாளுக்கு இத்தனை கன மீட்டர் என்று ஒரு பரிமாற்ற ஓட்டம், இரு திசையிலும் ஒரே அளவு. மேல் பெட்டிக்கு அது கொண்டுவருவது வரவு, கொண்டுபோவது செலவு, கீழ்ப் பெட்டிக்கு அப்படியே நேர்மாறு. ஓடை வருவதும் போவதும் மேல் பெட்டியில் மட்டும். சிதைவை முதலில் அணைத்து வையுங்கள். பிறகு பரிமாற்ற ஓட்டத்தைப் பூஜ்யமாக்குங்கள், கீழ்ப் பெட்டி அசையவே கூடாது. அதையே மிகப் பெரிதாக்கி, அதற்கேற்ப நேரப்படியைச் சுருக்கி ஓட்டினால், இரண்டு பெட்டிகளும் ஒன்றாக இறங்கி 100-ஆம் நாளில் பழைய 36.79-க்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.