எந்தப் பூட்டு? கன்சோல் டி.ஆர்.எம். சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களின் விளையாட்டுகளுக்கு இணைய இணைப்பு கட்டாயமா என்ற வாக்குவாதம் மூண்டால், நான்கு பேர் நான்கு வெவ்வேறு பூட்டுகளைப் பற்றிப் பேசுவார்கள். நால்வரும் ஒரே பூட்டைப் பேசுவதாக நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் டிஜிட்டலாக வாங்கிய விளையாட்டின் உரிமச் சரிபார்ப்பைத் திட்டுவார். இன்னொருவர் நிறுவனத்தின் சர்வர் நிறுத்தப்பட்டதால் செத்துப்போன விளையாட்டைக் காட்டுவார். மூன்றாமவர் டிஸ்க்கில் முழு விளையாட்டு இல்லை என்பார். நான்காமவருக்கு ஆன்லைன் கடை மூடப்படுவதுதான் கவலை. எல்லாவற்றுக்கும் ‘டி.ஆர்.எம்.’ என்று ஒரே பெயரைச் சூட்டிவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

கறாராகப் பார்த்தால், டி.ஆர்.எம்., அதாவது டிஜிட்டல் உரிமை மேலாண்மை என்பது இந்தக் கணக்குக்கு இந்தக் கருவியில் இந்த விளையாட்டை இயக்க உரிமை உண்டா என்று சரிபார்ப்பது மட்டுமே. விளையாட்டின் ஒரு பகுதி சர்வரில் ஓடுவது வேறு சங்கதி. அது வடிவமைப்பில் எடுத்த முடிவு. முன்னதைப் பற்றிக் கேட்க வேண்டியது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறார்கள், பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்பது. பின்னதைப் பற்றிக் கேட்க வேண்டியது, எந்தப் பகுதிக்கு உண்மையிலேயே சர்வர் தேவை என்பது.

சர்வர் பற்றிய கேள்விக்கு ‘கிரான் டூரிஸ்மோ’ கார் பந்தய விளையாட்டு வரிசையே நல்ல பாடம். 2022 மார்ச்சில் ஏழாவது பாகத்துக்கு வந்த ஒரு அப்டேட் கோளாறாகி, சர்வர் 30 மணி நேரத்துக்கும் மேல் படுத்துவிட்டது. தனியாளாக ஆடுபவர்களுக்கும் பெரும்பகுதி திறக்கவில்லை. சேமிப்புத் தரவைத் திருத்தி ஏமாற்றுவதைத் தடுக்கவே இணைப்பைக் கட்டாயமாக்கினோம் என்பது தயாரிப்பாளர் தரப்பு விளக்கம். அதே வரிசையின் முந்தைய விளையாட்டான ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ கதை வேறு. 2024 ஜனவரி இறுதியில் அதன் சர்வரை நிறுத்துவதற்கு முன்பாக, இணைப்பில்லாமல் ஆடும்படி ஓர் அப்டேட் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். ‘டையப்லோ 3’ கணினியில் 2012இல் வந்தபோது இணைப்பு இல்லாமல் அசையவே மறுத்தது. மறு ஆண்டு கன்சோலுக்கு வந்தபோது இணைப்பின்றி ஓடியது. ஆகவே ‘தொழில்நுட்ப ரீதியாக முடியாது’ என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். முடியாததா, மனமில்லாததா என்று கேட்கலாம். சில விளையாட்டுகளில் பதில் உண்மையிலேயே ‘முடியாது’தான்; நூறு பேர் ஒரே களத்தில் மோதும் விளையாட்டைத் தனியாக ஆடி என்ன செய்வது?

அடுத்த தவறு, 2013ஐத் தவறாக நினைவில் வைத்திருப்பது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு பேசியாக வேண்டும், இல்லையென்றால் விளையாட்டுகள் திறக்காது என்று மைக்ரோசாஃப்ட் அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில் அறிவித்தது. சில நாள்களிலேயே இ3 விளையாட்டுக் கண்காட்சி மேடையில் சோனி, பிளேஸ்டேஷன் 4க்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. அதாவது, அந்த விதி ஒரு நாள்கூட நடைமுறையில் இருந்ததில்லை. கன்சோல் விற்பனைக்கு வந்ததே நவம்பரில்தான். ‘எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் தினமும் இணையம் வேண்டும்’ என்று இன்றும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அந்த விதியை எதிர்த்தவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த விதியோடு சேர்ந்து இரண்டு வசதிகளும் போயின: வாங்கிய விளையாட்டுகளைப் பத்துப் பேர் வரையிலான குடும்பக் குழுவோடு பகிர்வது, ஒருமுறை நிறுவியபின் டிஸ்க்கைப் போடாமலே ஆடுவது. தினசரிச் சரிபார்ப்பு அவற்றுக்கான விலையாக முன்வைக்கப்பட்டது. அந்த விலை அதிகம் என்பதே என் கருத்து. ஆனால் விலைக்கு ஈடாக எதுவுமே தரப்படவில்லை என்று வாதிடுவது வரலாற்றைத் திரிப்பதாகும்.

சோனி தரப்பு ரசிகர்களின் ‘எங்கள் பக்கம் பூட்டே இல்லை’ என்ற பெருமையும் நிலைக்கவில்லை. பிளேஸ்டேஷன் 4இன் உள்ளே கடிகாரத்தை ஓட்டுவதற்குச் சிறு நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்துபோய், இணைய இணைப்பும் இல்லாவிட்டால், கன்சோலுக்கு நேரம் தெரியாது. விளையாட்டுக்குள் சாதனைகளுக்குத் தரும் கோப்பைகளை எப்போது வென்றீர்கள் என்பதைக் குறிக்க நம்பகமான நேரம் வேண்டும் என்பதற்காக, நேரம் தெரியாத கன்சோல் விளையாட்டையே திறக்க மறுத்தது. டிஸ்க்கைப் போட்டாலும் இதே கதை. 2021இல் ஆர்வலர்கள் இதைச் சோதித்து அம்பலப்படுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட், குறிப்பில் ஒரு வரிகூடச் சொல்லாமல் இதைச் சரிசெய்தது. யாரும் திட்டமிட்டுப் போட்ட பூட்டு அல்ல இது. சர்வர் என்றைக்கும் இருக்கும் என்ற அனுமானத்தில் விட்டுப்போன ஓட்டை.

டிஸ்க் கையில் இருந்தால் கவலையில்லை என்ற நம்பிக்கைக்கு இது முதல் அடி. வேறு அடிகளும் உண்டு. 2022இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் 100 மெகாபைட்கூட இல்லை, மற்றதெல்லாம் பதிவிறக்கம்தான். 2025 ஜூனில் வெளியான நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு வரும் சில அட்டைகளில் விளையாட்டே கிடையாது. அவை வெறும் சாவி. முதல் முறை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், பிறகு ஆடும்போதெல்லாம் அட்டையும் செருகியிருக்க வேண்டும். இவற்றின் பெட்டி முகப்பில் அறிவிப்பு இருக்கும். வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 5இன் கழற்றி மாட்டும் டிஸ்க் டிரைவை முதன்முறை இணைப்பதற்கும் இணையம் வேண்டும்.

இதற்கு நேர்எதிரான தவறும் பரவலானது: டிஜிட்டலாக வாங்கியது எப்போதும் இணையம் கேட்கும் என்பது. பெரும்பாலான தனியாள் விளையாட்டுகளுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கன்சோலை முதன்மையானதாகக் குறிக்கலாம். பிளேஸ்டேஷன் 5இல் ‘கன்சோல் பகிர்வு மற்றும் ஆஃப்லைன் விளையாட்டு’, எக்ஸ்பாக்ஸில் ‘வீட்டு எக்ஸ்பாக்ஸ்’ என்று அந்த அமைப்புக்குப் பெயர். முதன்மைக் கன்சோலில் உரிமம் உள்ளேயே இருக்கும். வேறு கன்சோலில் அதே கணக்கைத் திறந்தால்தான் சர்வரைக் கேட்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த அமைப்பை நண்பரின் கன்சோலில் வைத்துவிட்டு விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்கிறவர்களிடம். அவர்களுடைய சொந்தக் கன்சோல் அவர்களுக்கே இரண்டாம் கன்சோலாகிவிடுகிறது. 2025 பிப்ரவரியில் சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க முடங்கியது போன்ற சமயங்களில் முதலில் மாட்டுவது இவர்கள்தான். பகிர்வது தவறென்று சொல்லவில்லை. ஆனால் பகிர்ந்துவிட்டு ‘வாங்கியதையே ஆட முடியவில்லை’ என்று புலம்பும்போது பாதிக் கதையை மறைக்கக் கூடாது.

சந்தேகமிருந்தால் சோதிப்பது எளிது. நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், கன்சோலை ஓய்வு நிலையில் விடாமல் முழுதாக அணைத்து மறுபடி இயக்குங்கள், விளையாட்டைத் திறந்து பாருங்கள். ஓய்வு நிலையிலிருந்து எழுப்பினால், ஏற்கெனவே சரிபார்த்து ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு தொடர்ந்து ஓடும், சோதனை பொய்யாகிவிடும்.

கடையிலிருந்து நீக்குவதையும் சர்வரை நிறுத்துவதையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யு கன்சோல்களின் ஆன்லைன் கடையான ஈஷாப் 2023 மார்ச் 27 அன்று விற்பனையை நிறுத்தியது. வாங்கியவற்றை மறுபடி இறக்கும் வசதியை அத்துடன் மூடவில்லை. ‘ஃபோர்ஸா ஹொரைசன் 4’ 2024 டிசம்பரில் கடையிலிருந்து போனது, வைத்திருப்பவர்கள் ஆடலாம். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ அப்படியல்ல. 2024 மார்ச் 31க்குப் பிறகு டிஸ்க் வைத்திருப்பவரும் ஆட முடியவில்லை. மூன்றையும் ‘விளையாட்டைக் கொன்றுவிட்டார்கள்’ என்று ஒரே குரலில் கத்தினால், உண்மையில் கொல்லப்பட்டதன் கனம் குறைந்துவிடுகிறது.

‘நீங்கள் வாங்கியது உரிமம்தான், ஒப்பந்தத்தில் இருக்கிறது’ என்று சொல்லி விவாதத்தை மூட நினைப்பதும் சரியல்ல. அது வாதத்தின் தொடக்கம்தானே! 2025 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில், உரிமம் மட்டுமே தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்ற பொத்தானை வைக்கக் கூடாது. இந்தச் சட்டம் விளையாட்டைப் பறிப்பதைத் தடுக்கிறது என்று சிலர் கொண்டாடுகிறார்கள். தடுக்கவில்லை, சொல்லிவிட்டுச் செய் என்கிறது, அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் மனுவையும் இரு தரப்பும் படிக்காமலே பேசுகின்றன. சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்கிறார்கள் என்று எதிர்ப்பவர்கள் கேலி செய்கிறார்கள். மனு கேட்பது அதையல்ல. ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்லுங்கள் என்பதைத்தான். நியாயமாக எதிர்க்கவும் இடம் இருக்கிறது: வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்ற மென்பொருள் கலந்த சர்வரை எப்படி வெளியே கொடுப்பது, சிறிய நிறுவனத்துக்கு அந்தச் செலவு தாங்குமா என்றெல்லாம் கேட்கலாம். ‘தி க்ரூ’ போனபின் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2025இல் ‘தி க்ரூ 2’க்கு இணைப்பின்றி ஆடும் வழியை அதே யூபிசாஃப்ட் கொடுத்திருக்கிறது. செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பேசட்டும்.